ஃபிரேம்வேர்க் பிறகு, முதலில் கமக்காரரின் பெயர்ப் பட்டியலைத் திறவுங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் உரம், விதைநெல், பூச்சிமருந்து விற்கிற ஒரு கடையின் கணினி அலுவல்களை நான் ஒருத்தியாகத்தான் பார்க்கிறேன். பில், இருப்பு, கமக்காரரின் கடன் கணக்கு எல்லாம் 2011 இல் ஒருவர் பி.எச்.பி என்ற கணினி மொழியில் எழுதித் தந்த மென்பொருளில் ஓடுகிறது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். அது ஓடுகிற பழைய பதிப்பான பி.எச்.பி 5.6 ஐ நிறுத்தப் போகிறோம் என்று சேர்வர் தருகிற கம்பனி மெயில் போட்டிருக்கிறது. கொழும்பில் ஐ.டி.யில் இருக்கும் முதலாளியின் மருமகன், எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் மூன்று மாதத்தில் புதிதாக எழுதலாம் என்கிறார். எனக்கு வடிவாகத் தெரிந்தது பி.எச்.பி மட்டும்தான். சேர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்புகிற நவீன ஃபிரேம்வேர்க்குகளில் (இணைய மென்பொருள் எழுத ஆயத்தமாகக் கிடைக்கிற சட்டகங்களில்) எதற்கு மாறலாம்? முழுவதும் புதிதாக எழுதுவதா, துண்டு துண்டாக மாற்றுவதா?

இன்னும் இரண்டு சிக்கல்கள். 2022 இல் யூரியா மூடையின் விலை 9999.99 இற்கு மேல் ஏற மறுத்தது. அன்றிலிருந்து கடையில் 'யூரியா அரைமூடை' என்று ஒரு பொருளைத் திறந்து இரண்டாகப் போடுகிறார்கள். பெயர்கள் மென்பொருளில் சரியாகத் தெரிந்தாலும் தரவுத்தளத்தை நேரே காட்டுகிற பிஎச்பிமைஅட்மினில் பார்த்தால் குப்பையாக இருக்கின்றன; சில பெயர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. கடையில் எட்டுப் பேர் இதைப் பாவிக்கிறோம்.
– வாசகி, சுன்னாகம்

பதில்:

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பி.எச்.பி.யிலேயே எழுதப்பட்ட ஃபிரேம்வேர்க்கான லாராவெல்லுக்கு மாறுங்கள். துண்டு துண்டாக மாறுங்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் நீங்கள் முதற்கேள்வியாகப் போட்டிருக்கிற ஃபிரேம்வேர்க் விஷயம் என் கணக்கில் பின்னுக்குத்தான் வரும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டென்று கண்ணில் பட்டது யூரியாக் கதை.

தரவு அட்டவணையில் விலைக்கான நிரலின் வகை 'டெசிமல் 6,2' என்று இருக்கும், திறந்து பாருங்கள். மொத்தம் ஆறு இலக்கம், அதில் இரண்டு சதத்துக்கு. அதில் அடங்கும் ஆகப் பெரிய தொகை 9999.99. 2011 இல் எழுதியவர் ஒரு மூடை உரம் பத்தாயிரத்தைத் தாண்டும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்பு கண்டிப்பில்லாத முறையில் ஓடும்போது, கொள்ளாத எண்ணைக் கொடுத்தால் பிழை சொல்லாது; கொள்ளக்கூடிய ஆகப் பெரிய எண்ணை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். கடைப் பெடியன்கள் அரைமூடை போட்டுச் சமாளித்தார்கள். அதனால் 50 கிலோ மூடையின் இருப்பு குறையாது, அரைமூடையின் இருப்பு மறை எண்ணில் இறங்கிக்கொண்டே போகும், மாதக் கடைசியில் யாரோ ஒருவர் கையால் இரண்டையும் சரிக்கட்டுவார். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வந்து வெறும் பக்கத்தில் தொடங்குகிறவருக்குத் தெரியாது. அவர் 'அரைமூடை'யைக் குப்பை என்று அழித்துவிட்டு, மூன்று வருட இருப்புக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று பிறகு தலையைச் சொறிவார்.

முழுதாக எழுதுவது வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். கடையின் சட்டதிட்டங்களில் பாதி மென்பொருளின் கோட்டில் (எழுதியிருக்கிற கட்டளை வரிகளில்) இருக்கிறது, மீதி கோட்டின் குறைகளைச் சமாளிக்க ஆட்கள் பழகிக்கொண்ட வழிகளில் இருக்கிறது. இரண்டாவதை எந்தக் கோப்பைத் திறந்தாலும் காணமுடியாது. கவுண்டரில் நிற்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் கட்டாயம் இருக்கும். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். 2016 இலிருந்து 12 எண்கள். உங்கள் மென்பொருள் 2011 இன் ஆள் என்பதால் அந்தப் பெட்டி பத்து எழுத்துக்குத்தான் அளவெடுத்திருக்கும். ஒன்றில் கடைசி இரண்டு எண்கள் வெட்டுப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் யாராவது 'குறிப்பு' என்ற பெட்டிக்குள் முழு இலக்கத்தையும் எழுதி வைத்திருப்பார்கள். பழைய இலக்கத்தில் ஒரு கணக்கும் புதிய இலக்கத்தில் இன்னொரு கணக்குமாக ஒரே கமக்காரர் இரண்டு ஆளாக நிற்கவும் கூடும். பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் 12 எண் வடிவம் கிடைக்கும். அதை வைத்து ஒரு சந்தேகப் பட்டியல் எடுக்கலாம். எடுத்த பட்டியலைத் தானாக இணைக்க விடாதீர்கள். கடன் கணக்கு இரண்டை இணைப்பது முதலாளி பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டிய அலுவல்.

இனிப் பெயர்கள். நீங்கள் ஆறுதலாக மினக்கெட வேண்டிய இடம் இதுதான்.

குப்பை என்று நீங்கள் எழுதியதை உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஒரு சின்ன 'ஏ', அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடியும் அதே 'ஏ' என்று வரிசையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் எழுத்து அழியவில்லை, சந்தோசப்படுங்கள். தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் எழுத்தைக் கணினியில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். உங்கள் அட்டவணை ஐரோப்பிய எழுத்துகளுக்கான 'லத்தீன்1' என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், தரவுத்தளம் அந்த மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் எழுதும்போதும் லத்தீன்1, வாசிக்கும்போதும் லத்தீன்1 என்றபடியால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துவிட, திரையில் தமிழ் சரியாக வருகிறது. லாராவெல் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8 இன் பெயர்) என்று சொல்லிக்கொண்டு இணையும். அந்த நிமிடமே உங்கள் கமக்காரர் எல்லோரும் ஐரோப்பியர் ஆகிவிடுவார்கள். கேள்விக்குறி கேள்விக்குறியாகத் தெரிகிற பெயர்கள் வேறு விஷயம். அவை போனது போனதுதான், பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

திருத்தும்போது அவசரப்பட்டு நிரலை நேரே யூடிஎஃப்8எம்பி4 இற்கு மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுக்காதீர்கள். தரவுத்தளம் அந்த ஐரோப்பிய எழுத்துகளை மிகவும் விசுவாசமாக மொழிமாற்றி, குப்பையை நிரந்தரமாக்கிவிடும். முதலில் நிரலை 'வார்பைனரி'யாக்குங்கள். அப்போது அது எழுத்தாக இல்லாமல் வெறும் பைட்டாகிவிடும். அதன் பிறகு யூடிஎஃப்8எம்பி4 எழுத்து நிரலாக மாற்றுங்கள். இரண்டு கட்டளைதான். முதலில் பிரதி ஒன்றில் செய்து, நூறு பெயரையாவது கண்ணால் வாசித்துப் பாருங்கள்.

வாசிக்கும்போது நீளமான பெயர்களின் வாலைப் பாருங்கள். பெயர் நிரல் 'வார்சார் 50', அதாவது ஆகக் கூடியது 50 எழுத்து, என்று வைத்துக்கொள்வோம். லத்தீன்1 இல் அது 50 பைட். 'சிவசுப்பிரமணியம்' என்ற பெயரில் 16 குறிகள், 48 பைட், மயிரிழையில் கொள்ளும். முன்னால் 'க.' என்ற முதலெழுத்தும் ஓர் இடைவெளியும் போட்டால் 53. கடைசி மூன்று பைட் வெட்டுப்படும். அந்த மூன்று பைட் எது தெரியுமா? கடைசி மகரத்தின் புள்ளி. பெரியவர் 'சிவசுப்பிரமணியம' என்று பல வருடமாகப் பில்லில் நின்றிருப்பார். அச்சுப்பிழை என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்திருந்தால், மாற்றும்போது மைஎஸ்கியூஎல் அந்த வரியில் பிழை சொல்லி நிற்கும். அந்த வரிகளை முன்கூட்டியே தேடி எடுத்துக் கையால் திருத்துங்கள்.

பாமினி இன்னொரு கூத்து. அது எழுத்துரு மட்டும்தான். உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருவைக் கழற்றினால் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி அரைப்புள்ளியாகத் தெரியும், ஏனென்றால் பாமினியில் மெய்யின் புள்ளியே அரைப்புள்ளிதான். ஒரே நிரலில் உண்மையான ஆங்கிலக் கடைப் பெயர்களும் கலந்திருக்கும் என்பதால், எதை மாற்றுவது எதை விடுவது என்று மாற்றுகிற மென்பொருளுக்குத் தெரியாது. சொல்லுக்குள் அரைப்புள்ளி இருந்தால் பாமினி என்ற ஒரு விதி பெரும்பாலானவற்றைப் பிடித்துத் தரும். மிச்சத்தைக் கண்ணால் பிரியுங்கள். பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும். யூனிகோட்டில் அவை மெய்க்குப் பின்னால் வர வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற மலிவான மாற்றிகள் இங்கேதான் கவிழும். 'கொடிகாமம்' என்று ஊர் மாறி வந்ததும், அந்தக் 'கொ' ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியில் இருக்கிறதா, ஒரே குறியாக இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் விசைப்பலகையில் அடித்துத் தேடினால், கொடிகாமத்து ஆட்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். மாற்றிய எல்லாவற்றையும் என்.எஃப்.சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்து நிற்கிற குறிகளை ஒன்றாக்குகிற யூனிகோட் வடிவம்) இயல்பாக்கிவிட்டால் அந்தத் தலையிடி இல்லை.

சரி, சேர்வர் கம்பனியின் மெயில். அவர்களில் பிழை சொல்ல முடியாது. பி.எச்.பி 5.6 இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31 உடன் நின்றுவிட்டன. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் அவகாசம். பழைய கோட் நேரடியாகப் புதிய பி.எச்.பி.யில் ஓடாததற்கு முதற்காரணம், தரவுத்தளத்தோடு பேசுகிற 'மைஎஸ்கியூஎல்_குவெரி' வகையறாக்கள் 7.0 இலேயே அகற்றப்பட்டமை. அவை இல்லை என்பதால், அதே பெயரில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்: ஒரு சிறிய கோப்பில் பழைய பெயர்களை வைத்து, உள்ளே அவற்றின் இடத்துக்கு வந்த 'மைஎஸ்கியூஎல்ஐ'யைக் கூப்பிடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான இணைப்புக் கோப்பில் அதைச் சேர்த்தால் பழைய மென்பொருள் 8 ஆம் வரிசையில் எழுந்து நடக்கும். அழகில்லாத வேலைதான். கொஞ்சக் காலம் நின்று பிடிக்கப் போகிற கோட்டுக்கு அழகு எதற்கு?

எழுந்து நடந்தாலும் சில இடங்களில் சத்தமில்லாமல் தடம் மாறும். பி.எச்.பி 8 இற்கு முன், 0 என்ற எண்ணையும் வெறும் சொல்லையும் இரட்டைச் சமன் குறியால் ஒப்பிட்டால் 'உண்மை' என்று வரும். 8 இலிருந்து 'பொய்'. மொத்தத்திலிருந்து கட்டியதைக் கழித்து, மீதி வெறுமையா என்று பார்த்துக் 'கடன் இல்லை' எனக் காட்டுகிற வரி உங்கள் கோட்டில் இருந்தால், முழுக்கக் கட்டி முடித்த ஆட்களும் கடன்காரர் பட்டியலுக்குத் திரும்பி வருவார்கள். சுன்னாகச் சந்தையில் வைத்து ஒருவரிடம் இல்லாத கடனைக் கேட்டால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரட்டைச் சமன் குறி வருகிற இடங்களைத் தேடி எடுத்து, பணம் சம்பந்தப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

துண்டு துண்டாக மாற்றுவதற்கு மார்ட்டின் ஃபவுலர் 2004 இல் ஒரு பெயர் வைத்தார்: இன்னொரு மரத்தின் மேல் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, கடைசியில் அந்த மரத்தின் இடத்தையே பிடித்துக்கொள்கிற அத்தி இனத்தின் பெயர். அவர் அதைக் கண்டது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். நாங்கள் பனைமரத்தைப் பிடித்த ஆலமரத்தைப் பார்த்தே வளர்ந்த ஆட்கள் என்பதால் மேலும் விளக்கத் தேவையில்லை. உங்கள் வேலையில் அது இப்படி நடக்கும்: முன்னுக்கு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் நிற்கும்; புதிதாக எழுதிய முகவரிகள் லாராவெல்லுக்குப் போகும், மற்றதெல்லாம் பழைய கோட்டுக்கு. இரண்டுக்கும் தரவுத்தளம் ஒன்றே. லாராவெல்லில் தரவுத்தளத்தைக் கையாளுகிற பகுதியான எலோகுவென்ட் தனக்குப் பிடித்த பெயர்களில் அட்டவணையை எதிர்பார்க்கும். ஆனால் அட்டவணையின் பெயர் இது, சாவி நிரல் இது, நேர முத்திரை நிரல்கள் இல்லை என்று சொல்லிவிட்டால் 2011 இன் அட்டவணையையும் ஏற்றுக்கொள்ளும்.

முதலில் வாசிக்க மட்டுமான ஒரு பக்கத்தை எடுங்கள். கமக்காரரின் கணக்கு விபரம் பொருத்தமானது. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாக் கணக்குக்கும் மீதியை ஒப்பிடுகிற ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி இரவில் ஓடவிடுங்கள். சதக் கணக்கில் வித்தியாசம் வந்தால் தொகை நிரல்களில் ஏதோ ஒன்று 'ஃப்ளோட்' (தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கிற வகை) ஆக இருக்கிறது என்று அர்த்தம். அதை 'டெசிமல் 12,2' ஆக்குங்கள். ஆக்குவதற்கு முன் வித்தியாசப் பட்டியலைக் கணக்காளரிடம் கொடுங்கள். பில் போடுகிற பக்கத்தைக் கடைசியில் தொடுங்கள். அதுவும் புரட்டாதி, ஐப்பசியில் வேண்டாம். நெல் விதைப்புக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிற நாளில் புதுத் திரையைக் காட்டினால் கடையில் உங்களுக்கு ஒரு கூட்டாளியும் மிஞ்சமாட்டார்.

பில் பக்கத்துக்கு வரும்போது அட்டவணைகள் 'மைஐசாம்' வகையா என்று பாருங்கள். அந்த வகையில் பரிவர்த்தனைப் பாதுகாப்பு இல்லை. பில்லின் தலைப்பு எழுதிப் பொருள் வரிகள் எழுதுவதற்குள் மின்சாரம் போனால் பாதி பில் அப்படியே கிடக்கும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின் வெட்டினார்கள். அந்த மாதங்களின் தரவில் தலை இருந்து உடல் இல்லாத பில்கள் எத்தனை என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள். பரிவர்த்தனையைத் தாங்குகிற 'இனோடிபி' வகைக்கு மாற்றி, பில்லையும் இருப்பையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போட்டால் ஒன்றில் இரண்டும் பதியும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியாது.

உள்நுழைவுக்கு நுணுக்கமான வழிகள் பல இருக்கின்றன. எட்டுப் பேருக்கு அவை எதுவும் வேண்டாம். ஒரு காலையில் எல்லோருக்கும் புதிய கடவுச்சொல் கொடுத்துவிடுங்கள். பழைய கடவுச்சொல் நிரல், கடவுச்சொல்லை மறைத்து எழுதுகிற பழைய முறையான எம்டி5 இற்காக 32 எழுத்தில் இருக்கும், லாராவெல்லின் முறையான பிகிரிப்ட் 60 எழுத்து எழுதும். நிரலைப் பெருப்பிக்காமல் கொடுத்தால் ஒருவரும் உள்ளே வரமுடியாது. நேரமும் அப்படித்தான்: ஒன்றும் மாற்றாமல் விட்டால் லாராவெல் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும். காலை 10 மணிப் பில் 4.30 என்று அச்சாகும். எல்லாவற்றையும் யூடிசியில் சேமி என்பார்கள் பாடப்புத்தகக்காரர். ஒரே ஊரில் ஒரே கடை, பழைய கோட்டும் அதே அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கிறது. கொழும்பு நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை, அநியாயம் சொல்லக் கூடாது. 2016 இலிருந்து வளர்ந்து வருகிற நல்ல கருவி அது. அதுவும் சேர்வரில் பக்கத்தைத் தயாரித்து அனுப்பும். உங்களுக்குப் பைதன் மொழி கைவந்திருந்தால் அதன் ஃபிரேம்வேர்க்கான ஜாங்கோ என்றே நான் சொல்லியிருப்பேன். எதில் எழுதினாலும் வெளிக்கிட்டு வருகிற பக்கம் பார்க்கிறவருக்கு ஒன்றுதான். ஆனால் கடையின் கணக்கு விதிகள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். இன்னொரு மொழிக்குப் போனால் அந்த ஒரே ஆளும் புதிதாகப் படிக்கிற ஆளாகிவிடுவார்.

முதலாளியிடம் கதைக்கப் போகும்போது ஃபிரேம்வேர்க் பெயர் ஒன்றையும் எடுக்காதீர்கள். உடல் இல்லாத பில்களின் பட்டியல், ஒரே ஆளுக்கு இரண்டு கடன் கணக்கு இருக்கிற பட்டியல், இவை இரண்டையும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். கமக்காரரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் பல வருடமாகத் திருத்தம் வராத மென்பொருளில் கிடக்கின்றன என்பதையும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பிறகு முதற்துண்டுக்கு மட்டும் நாள் கேளுங்கள்.

மருமகனைப் பகைக்க வேண்டாம், அவருக்கு நல்ல வேலை இருக்கிறது. கோட் கோப்புகளை 'கிட்' என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கருவியில் ஏற்றுவதும், இரவு ஒப்பீட்டு ஸ்கிரிப்டை ஓடவிடுவதும், பேக்கப்பும் அவர் கொழும்பிலிருந்தே செய்யக்கூடியவை. பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று அவர் சொன்னால், அதை ஒரு வெறும் கணினியில் ஏற்றி, க. சிவசுப்பிரமணியத்தின் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்த பிறகு அட்டவணைகளில் கை வையுங்கள்.